கடைசியாக வந்த அணிக்குத்தான் முதல் வாய்ப்பு... என்.பி.ஏ-வுக்கு இளம் வீரர்கள் தேர்வாவது எப்படி?

2015, ஜூன் 25. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் இருக்கும் பார்க்ளேஸ் சென்டர் அரங்கம். என்.பி.ஏ கூடைப்பந்துத் தொடருக்கான புதிய வீரர்கள் தேர்வு இரவைத் தாண்டியும் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பெயராக மேடையில் அறிவிக்க, கூட்டம் மெள்ள மெள்ளக் கலைய ஆரம்பித்திருந்தது. 52-வதாக ஒரு பெயர் அறிவிக்கப்பட்டது. சத்னாம் சிங் பமாரா!

இந்தியாவில் அப்போது மறுநாள் காலை. பஞ்சாபில் பல்லோ கே என்ற சின்னஞ்சிறு கிராமத்தைச் சேர்ந்த விவசாயியின் மகன், 7 அடி 2 அங்குல உயரம் கொண்ட 19 வயது இளைஞர், உலகின் மிகப்பெரிய கூடைப்பந்துத் தொடரில் இடம்பெற்றிருக்கும் டல்லாஸ் மாவெரிக்ஸ் அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவில் பிறந்த ஒருவர் என்.பி.ஏ-வுக்குத் தேர்வானது அதுதான் முதல்முறை.

இந்தத் தேர்வுக்குப் பெயர் 'டிராஃப்ட்'. ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் இந்த நிகழ்ச்சியில் அழைக்கப்படுவது அதிகபட்சம் 60 பெயர்கள்தான். கல்லூரி மைதானங்களில், ஐரோப்பிய கிளப்களில், ஆப்பிரிக்க முகாம்களில் பந்தைத் தட்டிக்கொண்டிருக்கும் பல்லாயிரம் பேரில் அந்த 60 பேர் யார் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? எப்படி முடிவு செய்கிறார்கள்?

ஏலம் இல்லை... வரிசை மட்டும்தான்!

நமக்கெல்லாம் பழக்கமானது ஐ.பி.எல் ஏலம். பிடித்த வீரருக்காக அணிகள் கையைத் தூக்கிக்கொண்டே இருக்கும். 2024 நவம்பரில் ரிஷப் பன்ட்டை 27 கோடி ரூபாய்க்கு லக்னோ எடுத்தது. அதே ஏலத்தில் 13 வயதுச் சிறுவன் வைபவ் சூர்யவன்ஷியை 1.10 கோடிக்கு ராஜஸ்தான் எடுத்தது. அங்கே பணம் பேசும்.

என்.பி.ஏ டிராஃப்ட்டில் பணத்துக்கு வேலையே இல்லை. மொத்தம் 30 அணிகள். இரண்டு சுற்றுகள். ஒவ்வோர் அணியும் தன் முறை வரும்போது ஒரு பெயரைச் சொல்லும். அந்தப் பெயர் அந்த அணிக்குச் சொந்தம். வேறு அணி அதிகப் பணம் தருகிறேன் என்று குறுக்கே வர முடியாது. அந்த வீரரும், 'எனக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை, வேறு அணிக்குப் போகிறேன்' என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

அப்படியென்றால் முதலில் பெயர் சொல்லும் வாய்ப்பு யாருக்கு? போன சீசனில் ஜெயித்தவர்களுக்கு அல்ல, தோற்றவர்களுக்கு! பலவீனமான அணிக்கு நல்ல வீரர் கிடைத்தால்தான் அடுத்த சில வருடங்களில் அது எழுந்து நிற்கும், தொடரும் சுவாரஸ்யமாக இருக்கும் என்பது கணக்கு. வகுப்பில் கடைசி பெஞ்ச் மாணவனுக்கு முதலில் டியூஷன் எடுப்பதுபோல!

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்த நியாயத்துக்குள்ளேயே ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. தோற்றால் பரிசு கிடைக்கும் என்றால், சிலர் தோற்கவே ஆசைப்பட மாட்டார்களா?

பூவா, தலையா?

இந்த ஓட்டையை அடைக்க என்.பி.ஏ பல வருடங்களாகப் போராடிக்கொண்டிருக்கிறது. 1966 முதல் 1984 வரை ஒரு எளிய வழி இருந்தது. கிழக்கு, மேற்கு என்று இரண்டு பிரிவுகளிலும் கடைசி இடம் பிடித்த இரு அணிகளுக்கும் இடையே நாணயம் சுண்டுவார்கள். ஜெயித்தவருக்கு முதல் வாய்ப்பு.

1969-ல் மில்வாக்கி பக்ஸ் அணிக்கும் பீனிக்ஸ் சன்ஸ் அணிக்கும் இடையே நாணயம் சுண்டப்பட்டது. பீனிக்ஸ் அணி தன் ரசிகர்களிடமே கருத்துக் கேட்டு, 'தலை' என்றது. விழுந்தது பூ. மில்வாக்கிக்குக் கிடைத்தவர், பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் கொண்டாடிய வீரர். இரண்டே வருடங்களில், 1971-ல் மில்வாக்கி கோப்பையை வென்றது. அரை நூற்றாண்டு கடந்தும் பீனிக்ஸுக்குக் கோப்பை கைகூடவில்லை. ஒரு நாணயம் இரண்டு ஊர்களின் தலையெழுத்தை மாற்றியது!

1984-ல் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி, முதல் வாய்ப்புக்காக சீசன் முடிவில் வேண்டுமென்றே தோற்றது என்று பெரிய சர்ச்சை எழுந்தது. அடுத்த வருடமே நாணயம் போய், 'லாட்டரி' வந்தது. 1985-ல் பிளே ஆஃபுக்குத் தகுதிபெறாத ஏழு அணிகளின் பெயர்களை ஏழு உறைகளில் போட்டு, கண்ணாடி உருளைக்குள் சுற்றினார்கள். அப்போதைய கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் கையை விட்டு எடுத்தார். முதல் வாய்ப்பு நியூயார்க் நிக்ஸ் அணிக்குப் போனது. 'பெரிய நகரத்து அணிக்குச் சாதகமாக, அந்த உறையை மட்டும் முன்பே ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவைத்திருந்தார்கள். தொட்டதுமே தெரிந்திருக்கும்' என்று ஒரு கதை கிளம்பியது. யாராலும் நிரூபிக்க முடியவில்லை. ஆனால் 40 வருடங்களாக அந்தக் கதை ஓய்ந்தபாடில்லை.

14 பந்துகள்... 1,001 கணக்குகள்!

சந்தேகத்துக்கே இடம் வைக்கக் கூடாது என்று பிறகு பந்துகள் வந்தன. 1 முதல் 14 வரை எண் எழுதிய 14 பிங்பாங் பந்துகளை ஒரு இயந்திரத்தில் போட்டுச் சுழற்றுவார்கள். அதிலிருந்து நான்கு பந்துகள் வெளியே வரும். வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல் 14-ல் 4 எண்களை 1,001 விதமாகச் சேர்க்க முடியும். அதில் ஒன்றை மட்டும் ஒதுக்கிவிட்டு, மீதி 1,000 சேர்க்கைகளையும் பிளே ஆஃபுக்குப் போகாத 14 அணிகளுக்கு முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். மோசமாக ஆடிய அணிக்கு அதிகச் சேர்க்கைகள், ஓரளவு நன்றாக ஆடிய அணிக்குக் குறைவு. வந்த நான்கு எண்கள் யாருடையதோ, அவருக்கு முதல் வாய்ப்பு.

இந்தக் குலுக்கல் நடக்கும் அறைக்குள் போகிறவர்கள் செல்போனை வெளியே கொடுத்துவிட வேண்டும். டி.வி-யில் முடிவு வரும்வரை யாரும் வெளியே வர முடியாது. நம் ஊர் கேள்வித்தாள் கட்டுக்காப்பு அறை தோற்றுப்போகும்!

ஒருகாலத்தில் கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் வாய்ப்பு கிடைக்க 25 சதவிகித சாத்தியம் இருந்தது. 2019-ல் வந்த விதி மாற்றத்தில் அது 14 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. கடைசி மூன்று அணிகளுக்கும் ஒரே 14 சதவிகிதம்தான். கடைசி இடத்துக்காகப் போட்டி போடுவதில் அர்த்தம் இருக்கக் கூடாது என்பதற்காக!

மாற்றத்துக்குக் காரணமாகப் பலரும் கைகாட்டியது பிலடெல்பியா அணியை. 2013-ல் அங்கே நிர்வாகப் பொறுப்புக்கு வந்த சாம் ஹிங்கி, 'இப்போது தோற்றாலும் பரவாயில்லை, பிறகு ஜெயிக்கலாம்' என்று நல்ல வீரர்களை விற்று, எதிர்கால டிராஃப்ட் வாய்ப்புகளைச் சேர்த்தார். மூன்று சீசன்களில் 246 போட்டிகள். ஜெயித்தது வெறும் 47. மூன்றாவது சீசனில் 82-ல் 10 மட்டுமே! டிக்கெட் வாங்கி, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்த ரசிகர்கள், தங்கள் அணி தோற்பதையே திட்டமாக வைத்திருப்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. 2016-ல் ஹிங்கி ராஜினாமா செய்தார். அப்படிச் சேர்த்த வாய்ப்பில் கிடைத்த ஜோயல் எம்பீட், 2023-ல் தொடரின் மதிப்புமிக்க வீரர் விருதையே வாங்கினார். ஆனாலும், அந்த மூன்று வருட வலிக்குக் கோப்பையாகப் பலன் கிடைக்கவில்லை.

விரல் நுனி முதல் விரல் நுனி வரை!

வரிசை முடிவானதும் அடுத்த கேள்வி, யாரை எடுப்பது?

டிராஃப்ட்டில் சேர, அந்த ஆண்டுக்குள் 19 வயதைத் தொட வேண்டும். அமெரிக்க மாணவர் என்றால் பள்ளியை முடித்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். இந்த விதி 2006 டிராஃப்ட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ் எல்லாம் பள்ளியிலிருந்து நேராக என்.பி.ஏ-வுக்கு வந்தவர்கள். இப்போது பலரும் ஒரே ஒரு வருடம் கல்லூரிக்குப் போய்விட்டு டிராஃப்ட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

ஒவ்வோர் அணிக்கும் 'ஸ்கவுட்' என்று அழைக்கப்படும் ஆட்கள் உண்டு. வருடம் முழுக்க ஊர் ஊராகச் சுற்றி ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பு எழுதுவதுதான் இவர்களின் வேலை. பையன் எத்தனை புள்ளி எடுத்தான் என்பதோடு, பந்து கையில் இல்லாதபோது என்ன செய்கிறான், பயிற்சியாளர் திட்டினால் எப்படி எடுத்துக்கொள்கிறான், பெஞ்சில் உட்காரவைத்தால் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் கவனிப்பார்கள்.

டிராஃப்ட்டுக்கு முன் சிகாகோவில் 'கம்பைன்' என்ற முகாம் நடக்கும். பெண் பார்க்கும் படலம் மாதிரிதான்! ஷூ இல்லாமல் உயரம் அளப்பார்கள். இரண்டு கைகளையும் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து இன்னொரு நடுவிரல் நுனிவரை அளப்பார்கள். எவ்வளவு உயரம் எம்புகிறார், எவ்வளவு வேகமாகத் திரும்பி ஓடுகிறார் என்று எல்லாவற்றுக்கும் எண் உண்டு. பிறகு மருத்துவப் பரிசோதனை, அணிகளுடன் நேர்காணல். குடும்பம், நண்பர்கள், படிப்பு எல்லாவற்றையும் விசாரிப்பார்கள்.

எண்கள் சொல்லாத கதைகள்!

இவ்வளவு அளந்தும் தவறு நடக்காமல் இருக்கிறதா? அங்கேதான் இருக்கிறது சுவாரஸ்யம்!

1984-ல் இரண்டாவது வாய்ப்பு போர்ட்லேண்ட் அணியிடம் இருந்தது. அவர்களுக்கு உயரமான ஆள் தேவை. சாம் போவி என்பவரை எடுத்தார்கள். காயங்கள் அவரைத் துரத்தின. போர்ட்லேண்ட் விட்டுவிட்ட ஒருவரை மூன்றாவதாக சிகாகோ எடுத்தது. அவர் பெயர் மைக்கேல் ஜோர்டன். ஆறு கோப்பைகள்!

2007-ல் அதே போர்ட்லேண்டுக்கு முதல் வாய்ப்பே கிடைத்தது. ஒருபக்கம் 7 அடி உயர கிரெக் ஓடன். இன்னொரு பக்கம் ஒல்லியான கெவின் டுரான்ட். கம்பைனில் சுமார் 84 கிலோ எடையைப் படுத்தபடி தூக்கச் சொன்னபோது, டுரான்ட்டால் ஒருமுறைகூடத் தூக்க முடியவில்லை. போர்ட்லேண்ட் ஓடனை எடுத்தது. முழங்கால் காயங்களால் ஓடன் தன் வாழ்க்கையில் ஆடியது மொத்தம் 105 என்.பி.ஏ போட்டிகள்தான். டுரான்ட் இரண்டு கோப்பைகளை வென்றார். எடை தூக்கும் சோதனையில் கிடைத்த பூஜ்யம், அவர் பந்தை வளையத்துக்குள் போடுவதைத் தடுக்கவில்லை.

2013-ல் முதலாவதாக எடுக்கப்பட்ட அந்தோணி பென்னட், நான்கே சீசன்களில் என்.பி.ஏ-விலிருந்து காணாமல்போனார். அதே வருடம் 15-வதாக எடுக்கப்பட்டவர் கிரீஸ் நாட்டின் இரண்டாம் நிலைத் தொடரில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பையன். நைஜீரியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த பெற்றோருக்கு ஏதென்ஸில் பிறந்து, தெருவில் கைக்கடிகாரமும் கறுப்புக் கண்ணாடியும் விற்றுக் குடும்பத்துக்குக் கைகொடுத்தவர். யானிஸ் அடெடோகும்போ! 2021-ல் மில்வாக்கிக்கு 50 வருடங்களுக்குப் பிறகு கோப்பையை வாங்கிக்கொடுத்தார்.

2014-ல் 41-வது பெயராக செர்பியாவின் நிகோலா யோகிச்சை டென்வர் அணி எடுத்தபோது, டி.வி-யில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு ஃபாஸ்ட்ஃபுட் விளம்பரம். யோகிச்சும் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். பிறகு மூன்றுமுறை மதிப்புமிக்க வீரர் விருது, 2023-ல் கோப்பை! பென் வாலஸை 1996-ல் யாருமே தேர்ந்தெடுக்கவில்லை. 2021-ல் அவர் பெயர் கூடைப்பந்தின் புகழரங்கில் ஏறியது.

அழைக்கப்படாத பெயர்... அழைக்கப்பட்ட பெயர்!

டிராஃப்ட் இரவில் முன்னணி வீரர்கள் 'கிரீன் ரூம்' என்ற இடத்தில் குடும்பத்துடன் உட்கார்ந்திருப்பார்கள். கேமரா சுற்றிக்கொண்டே இருக்கும். பெயர் வந்தால் எழுந்து அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம். வராவிட்டால்?

1998-ல் ஹூஸ்டனைச் சேர்ந்த 18 வயது ரஷார்ட் லூயிஸ், சொந்த ஊர் அணி தன்னை எடுக்கும் என்று காத்திருந்தார். முதல் சுற்றில் ஹூஸ்டனுக்கு மூன்று வாய்ப்புகள் இருந்தன. மூன்றிலும் வேறு பெயர்கள். முதல் சுற்றே முடிந்துவிட்டது. கூட இருந்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக எழுந்துபோக, கேமராவுக்கு முன்னால் அந்தப் பையன் அழுதுவிட்டார். 32-வதாக சியாட்டில் அணி அழைத்தது. அவர் பிறகு இரண்டுமுறை நட்சத்திர வீரர்களின் அணியில் இடம்பிடித்தார், 2013-ல் மயாமியுடன் கோப்பையும் வென்றார்.

2014-ல் நடந்தது வேறு. கல்லூரி அணியில் ஆடிய 7 அடி உயர ஐசையா ஆஸ்டின், ஒரு கண்ணில் பார்வையில்லாமலேயே டிராஃப்ட்வரை வந்தவர். கடைசி நேர மருத்துவப் பரிசோதனையில் அவருக்கு 'மார்ஃபான் சிண்ட்ரோம்' இருப்பது தெரிந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயைப் பலவீனமாக்கக்கூடிய மரபணுக் குறைபாடு அது. ஆடினால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். டிராஃப்ட்டுக்குச் சில நாள்களே இருந்தன.

அந்த இரவில் முதல் சுற்றின் நடுவே கமிஷனர் ஆடம் சில்வர் மேடைக்கு வந்து, எந்த அணியும் எடுக்காத ஐசையா ஆஸ்டினை என்.பி.ஏ தேர்ந்தெடுப்பதாக அறிவித்தார். அரங்கமே எழுந்து நின்றது. அவரும் தொப்பி அணிந்து மேடையேறினார். இரண்டு வருடங்கள் கழித்து மருத்துவர்கள் அனுமதி தர, வெளிநாட்டு அணிகளுக்காக அவர் மீண்டும் களமிறங்கினார். ஆளை அளந்து விலக்கிய அதே பரிசோதனைதான் அவர் உயிரையும் காத்தது.

சம்பளமும் வரிசைப்படிதான்!

எத்தனையாவது பெயர் என்பதில் கௌரவம் மட்டும் இல்லை, பணமும் இருக்கிறது. முதல் சுற்றில் ஒவ்வோர் இடத்துக்கும் இவ்வளவு சம்பளம் என்று பட்டியல் உண்டு. முதல் இரண்டு வருடச் சம்பளம் உறுதி. அடுத்த இரண்டு வருடங்கள் அணியின் விருப்பம். 2023-ல் முதலிடம் பிடித்த பிரான்ஸின் விக்டர் வெம்பன்யாமாவுக்கு முதல் வருடச் சம்பளம் சுமார் 1.2 கோடி டாலர். இரண்டாவது சுற்றுக்கு வந்துவிட்டால் இந்த உத்தரவாதம் எதுவும் கிடையாது. 30-வது பெயருக்கும் 31-வது பெயருக்கும் நடுவே இருப்பது ஒரு எண் மட்டுமல்ல.

பெண்களுக்கான தொடரிலும் இதேபோல டிராஃப்ட் உண்டு. 2024-ல் அமெரிக்காவே கொண்டாடிய கெய்ட்லின் கிளார்க், இண்டியானா அணியால் முதலாவதாக எடுக்கப்பட்டார். முதல் வருடச் சம்பளம் சுமார் 76,000 டாலர். வெம்பன்யாமா வாங்கியதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை!

பத்து வருடம் கழித்து, அதே இரவு!

சத்னாம் சிங் என்ன ஆனார்?

14 வயதில் உதவித்தொகையுடன் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனவர் அவர். ஆங்கிலம் தெரியாது. அங்கேயே படித்து, ஆடி, கல்லூரி அணிக்காக ஒரு போட்டிகூட ஆடாமல் நேராக டிராஃப்ட்டுக்கு வந்தார். தேர்வான பிறகு டல்லாஸின் துணை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸில் ஆடினார். ஆனால், ஒரு என்.பி.ஏ போட்டியில்கூட அவர் களமிறங்கவில்லை. பிறகு தொழில்முறை மல்யுத்தப் பக்கம் போய்விட்டார். 52-வது பெயருக்குக் கதவு திறந்தது. உள்ளே நாற்காலி போடப்படவில்லை.

2025, ஜூன் 25. சரியாகப் பத்து வருடங்கள் கழித்து, அதே பார்க்ளேஸ் சென்டர். அதே டல்லாஸ் அணி. இந்தமுறை அவர்களிடம் இருந்தது முதல் வாய்ப்பு. சில மாதங்களுக்கு முன்புதான் தன் நட்சத்திரம் லூக்கா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டு, ரசிகர்களின் கோபத்தைச் சம்பாதித்திருந்தது டல்லாஸ். முதல் வாய்ப்பு கிடைக்க அதற்கு இருந்த சாத்தியம் வெறும் 1.8 சதவிகிதம். பந்துகள் டல்லாஸ் பக்கம் விழுந்தன. 82-ல் 17 போட்டிகள் மட்டுமே வென்று, எல்லோரையும்விட மோசமாக ஆடிய யூட்டா அணி ஐந்தாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. டல்லாஸ் அழைத்த பெயர், மெய்ன் மாகாணத்தைச் சேர்ந்த 18 வயது கூப்பர் ஃபிளாக்.

ஸ்கவுட்டுகளின் நோட்டுப் புத்தகம், விரல் நுனி அளவு, 1,001 சேர்க்கைகள் என்று எவ்வளவு கணக்குப் போட்டாலும், ஒரு 18 வயதுப் பையன் 25 வயதில் என்னவாக இருப்பான் என்பதை அளக்கும் டேப் இன்னும் வரவில்லை. அதனால்தான் 41-வது பெயர் கோப்பையைத் தூக்குகிறது, முதல் பெயர் மறந்துபோகிறது.

சத்னாமின் பெயருக்குப் பக்கத்தில் என்.பி.ஏ புள்ளிகள் எதுவும் இல்லை. ஆனால், பந்தைத் தட்டும் எந்த இந்தியப் பிள்ளையும் இனி 'நம் ஊரிலிருந்து இதுவரை யாரும் தேர்வானதில்லையே' என்று தயங்க வேண்டியதில்லை. 52-வதாக அழைக்கப்பட்ட அந்தப் பெயர், அந்த ஒரு வரியை அழித்துவிட்டது!